ஸ்டீயரிங் ஷாஃப்ட்டின் மரையைச் சீர்செய்து மூன்று ஆண்டுகள்: எனது அனுபவம்

எனது காரின் ஸ்டீயரிங் ஷாஃப்ட் முனையில் நசுங்கியிருந்த மரையை, ஷாஃப்ட்டையே மாற்றாமல் நானே சீர்செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு வண்டி 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

இண்டிகேட்டர் சுவிட்சை மாற்றுவதற்காக வண்டியை விட்டிருந்த ஒரு பணிமனையில், புல்லர் போட்டு இழுக்க வேண்டிய ஸ்டீயரிங் வீலை, ஷாஃப்ட் முனையில் சுத்தியலால் அடித்துக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது நட்டு கோணலாக ஏறியதையும் கவனிக்காமல் ஸ்பேனரால் முறுக்கிவிட்டார்கள். சில நாட்களில், வீலை என் பக்கமாக இழுத்தால் இலேசாக அசைவதை உணர்ந்தேன். நட்டைக் கழற்றியபோது அதன் உட்புறத்தில் மெல்லிய இரும்புச் சுருள்கள் ஒட்டியிருந்தன. ஷாஃப்ட் முனையின் முதல் சுற்று மரை தட்டையாகியிருந்தது, இரண்டாவது ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது, மூன்றாவதில் ஒரு வடு இருந்தது. அதற்கு உள்ளே இருந்த மரைகள் புதிதுபோல இருந்தன.

சீர்செய்வதா, மாற்றுவதா என்பதை முடிவுசெய்ய உதவியது, சேதம் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான். இறுக்கிய நட்டின் சுமை எல்லாச் சுற்றுகளுக்கும் சமமாகப் பிரிவதில்லை. வீலை ஒட்டிய முதல் சுற்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது; முனையை நோக்கிப் போகப் போக அது வேகமாகக் குறைகிறது. என் ஷாஃப்ட்டில் கெட்டிருந்தவை மிகக் குறைந்த சுமை தாங்கும் முனைச் சுற்றுகள் என்பதால் துணிந்தேன். உள் மரைகள் அறுந்திருந்தால் மறுபேச்சின்றி ஷாஃப்ட்டை மாற்றியிருப்பேன். வெல்டிங் வைத்து மறுபடியும் மரை வெட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். அந்த வெப்பம் எஃகின் உறுதியைக் கெடுத்துவிடும். சுத்தியல் அடி, மோதலின்போது மடங்குவதற்காக ஷாஃப்ட்டுக்குள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகளையும் முறித்திருக்கக்கூடும் என்பதால், நீளவாட்டில் தள்ளியும் இழுத்தும் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

என் வண்டியில் ஏர்பேக் இல்லை. ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்காமல் வீலில் கை வைப்பது ஆபத்து. அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்ததில் மரை 14 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் பிட்ச்சும் (அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையிலான தூரம்) கொண்டது என்று தெரிந்தது. புது மரை வெட்டும் சாதாரண டையை நான் தொடவில்லை. அது சற்றே சாய்ந்து ஏறினாலும் நல்ல மரையையும் சேர்த்து வெட்டிவிடும். வாங்கியது மரை திருத்தும் அறுகோண டை. துகள் பேரிங்குக்குள் விழாமல் இருக்க ஷாஃப்ட்டின் அடியில் துணியைச் சுற்றிவிட்டு, நைசான முக்கோண அரத்தால் தட்டையாகிப்போன முதல் சுற்றின் பள்ளத்தைத் திறந்தேன். மெட்ரிக் மரையின் கோணமும் முக்கோண அரத்தின் கோணமும் 60 பாகையே என்பதால் அரம் பள்ளத்தில் அழகாக உட்காருகிறது. ஆனால் மரையின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு எண்ணெய் விட்டு டையைக் கையால் ஏற்றி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று நகர்த்தினேன். மூன்றாவது சுற்றைத் தாண்டி நல்ல மரையைப் பிடித்ததும் டை சட்டென்று இலகுவானது; அந்த நொடியில்தான் எனக்கு நிம்மதி வந்தது.

பழைய நட்டைத் திரும்பப் பயன்படுத்தவில்லை. புதிய நட்டு ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே அடிவரை இறங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதே முறுக்குவிசையில் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும் என்பதால், மரையை நன்றாகத் துடைத்துவிட்டு, கையேட்டில் உள்ளபடி 45 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்கி, நட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன்.

500 கிலோமீட்டரில் ஒருமுறையும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்துவருகிறேன். கோடு இம்மியும் நகரவில்லை, வீலிலும் ஆட்டம் இல்லை. இரண்டாம் ஆண்டில் ஹாரன் வேலைக்காக வீலைக் கழற்றியபோது, அரம் பட்ட இடத்தில் பூச்சு போய் இலேசாகத் துரு பிடித்திருந்தது. முனையில் முதல் இரண்டு சுற்றுகளில் நட்டு சற்றுத் தளர்வாக ஆடுகிறது. அங்கே போன உலோகம் திரும்ப வராது. அந்தத் தளர்வு உள் மரைகளுக்கும் பரவினால் ஷாஃப்ட்டை மாற்றிவிடுவேன். இப்போதெல்லாம் வீலைக் கழற்றும்போது நட்டை முழுவதும் எடுத்துவிடாமல், முனையோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்திவிட்டுப் புல்லரைப் போடுகிறேன். மரைக்கும் பாதுகாப்பு, வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிப்பதும் இல்லை.