எழும்பூர் ஆவணக் காப்பகம்: ஊர் வரலாறும் குடிவழியும் தேடுவோருக்காக

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். 30 குடும்புகள் என்ற ஊர்ப் பிரிவுகள், கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம், 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதைத் தாண்டாமலும் ஊர்ச் சபை உறுப்பினர் இருக்க வேண்டிய தகுதி எல்லாம் அவர்களுக்குப் பாடம். ஆனால் அந்த ஊரை அடுத்த எங்கள் சிற்றூரில் 1860 வாக்கில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரியாது. தாய்வழிப் பாட்டனாரின் தகப்பனார் பெயர் வரைதான் எங்கள் வீட்டிலும் நினைவு இருந்தது. அதற்கு மேலே செல்வதற்காக இரண்டு ஆண்டுகளாக நான் அலைந்த இடங்களில் அதிகப் பயன் தந்தது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். என்னைப் போல் ஊர் வரலாறு தேடுகிறவர்கள் அங்கே எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதை எழுதுவது கடமை என்று நினைக்கிறேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சிவப்புச் செங்கல் கட்டடம் 1909இல் எழுந்தது. மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று வழங்கிய நிறுவனம் 1973இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1670 முதலான ஆவணங்கள் இங்கே உள்ளன. வருகிறவர்களில் பலர் நில வழக்குக்காகச் சான்றிட்ட நகல் கேட்பவர்கள். மற்றவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பாட்டன் பூட்டன் பெயரைத் தேடி வருகிறவர்கள் குறைவு என்பதால், நமக்கு எந்தப் பதிவேடு வேண்டும் என்பதை நாமே தெளிவாக எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கான வேலை ஊரிலேயே தொடங்குகிறது. அரசின் இணைய சேவையில் கிடைக்கும் அ-பதிவேட்டுப் பகுதியில், அதாவது ஊர் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் வருவாய்ப் பதிவேட்டில், இன்றைய புல எண்ணுக்குப் பக்கத்தில் பழைய புல எண்ணும் இருக்கும். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980இல் ஒழிக்கப்படும் வரை கணக்கு வைத்திருந்த குடும்பங்களின் பெரியவர்களிடம் கேட்டால், இந்த வயலுக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர், எந்த மானியம் என்பது வரை சொல்வார்கள். ஊர்ப் பெயரின் பழைய எழுத்துமுறையையும் குறித்துக்கொள்ள வேண்டும். உத்திரமேரூர் பழைய ஆங்கில ஆவணங்களில் உத்தரமல்லூர் என்று வருகிறது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தாலும் செங்கல்பட்டு ஜில்லாவின் கீழ்தான் தேட வேண்டும். நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டுடன் 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்ற கணக்கும் கைவசம் இருக்கட்டும். பசலி 1272 என்றால் அது 1862 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டது இனாம் பதிவேடு. குடிவழி தேடுகிறவர்களுக்கு இதற்கு இணையான ஆவணம் அங்கே வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் ஊர் ஊழியம் செய்தவர்களுக்கும் முந்தைய அரசர்கள் விட்டுக்கொடுத்த நிலங்களை விசாரித்து உறுதிசெய்ய 1858இல் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் அதிகாரிகள் ஊர் ஊராக விசாரித்து எழுதிய பதிவேட்டில், நிலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார், முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் பெயரும் வயதும் என்ன, அவர் எங்கே குடியிருக்கிறார், முதலில் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதற்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. கடைசிக் கட்டங்களில் டெபுடி கலெக்டரின் கருத்தும் கமிஷனரின் முடிவும் இருக்கும்.

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் பூக்காரர் வீடு என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், எப்போதோ யாரோ பூ விற்றிருப்பார்கள் என்பதுதான் பதில். பழுப்பேறிய அந்தத் தாளில், நந்தவன மானியம், புஞ்சை, கோயிலுக்குப் பூ எடுத்து மாலை கட்டும் ஊழியத்துக்காக விடப்பட்டது என்ற குறிப்பின் நேரே ஒரு பெயரும் 38 என்ற வயதும் இருந்தன. உறவுக் கட்டத்தில் 'பேரன்' என்பதற்கான ஆங்கிலச் சொல். ஒரே வரியில் மூன்று தலைமுறை கைக்கு வந்தது. குமாஸ்தாவின் சாய்வெழுத்தைப் படிக்கப் பழக இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு எஸ் சேர்ந்து வரும் இடத்தில் முதல் எழுத்தை எஃப் போல நீட்டி எழுதும் அக்கால வழக்கத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வரிகள் தாமாகவே பிடிபட்டன. அந்த நந்தவனம் இருந்த இடத்தில் இன்று வீட்டுமனைகள் இருக்கின்றன. நகலை எடுத்துக்கொண்டு போய் மூத்த மாமாவிடம் படித்துக் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டு ரயத்துவாரிப் பட்டா (அரசுக்கு நேரடியாக நிலவரி செலுத்தும் உரிமையாளருக்கான பட்டா) வழங்கப்பட்டதால், அந்த விசாரணை உத்தரவுகளைப் பிடித்துக்கொண்டு கீழ்த் தலைமுறைகளையும் இணைத்துவிடலாம்.

இதற்கு முன்பு ஒரு தனியார் வம்சாவளிச் சேவைக்குப் பணம் கட்டி ஏமாந்தேன். சோழர் படைத் தளபதியில் தொடங்கி என் பெயரில் முடியும் வண்ண மரம் ஒன்றை அனுப்பினார்கள்; ஒரு பெயருக்கும் ஆதாரம் இல்லை. முன்னோரைப் பற்றிய ஆவலை இப்படிக் காசாக்குவது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. எங்கள் கையில் இருக்கும் நந்தவன மானியத்தின் ஒற்றை வரி அந்த மரம் முழுவதையும்விட மதிப்பு வாய்ந்தது.

ஊரின் பொது வரலாற்றுக்குச் செங்கல்பட்டுப் பகுதிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1767 முதல் 1774 வரை ஆங்கிலேயக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பார்னார்டு ஏறக்குறைய 2,000 ஊர்களில் நடத்திய கணக்கெடுப்பின் ஆங்கிலப் பதிவுகள் இங்கே உள்ளன. வீடுகள், ஏரிகள், கோயில்கள், இன்ன தொழில் செய்வோர் இத்தனை குடி என்று ஊர்வாரியாகப் பார்க்கலாம். தனி மனிதர் பெயரைத் தேடாமல், ஊரின் உருவத்தை அறியப் படிக்க வேண்டும். 1879இல் வெளிவந்த குரோலின் செங்கல்பட்டு மானுவல் என்ற ஜில்லா விவர நூலையும் அதோடு சேர்த்துப் படித்தால், ஊர் நிலத்தின் மீதான பரம்பரை மிராசு உரிமைப் பூசல்கள் விளங்கும்.

எழும்பூர்க் காப்பகத்தின் பெரிய குறை அதன் ஆவணங்களின் இயல்பிலேயே இருக்கிறது. இவை வரி வாங்குவதற்காக எழுதப்பட்டவை. நிலம் இல்லாதவருக்கு இவற்றில் பெயர் இல்லை. பெண்களும் பெரும்பாலும் இல்லை. பூட்டியின் பெயரை நான் கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்த ஒரு பழைய கிரயப் பத்திரத்தில், இன்னாரின் மனைவி என்ற அடையாளத்தோடுதான் கண்டேன். கூலிகளாகக் கப்பலேறியவர்களின் நிலை இதில் மாறுபட்டது. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 பேருடைய பட்டியல்களில் தகப்பனார் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதப்பட்டன. ஊரிலேயே தங்கிப் பண்ணையாளாக உழைத்தவருக்கு அதுகூட வாய்க்கவில்லை.

எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் என்னுடன் இரண்டு முறை எழும்பூருக்கு வந்தார். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு, அதாவது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்குவதற்கு, அரசாணை வந்தது என்பதை அவர் என்னைவிட நன்றாக அறிவார். இனாம் பதிவேட்டில் அவர் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்து செட்டில்மென்ட் (நிலவரித் திட்டப்) பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஏரிக்கரையை ஒட்டிய புல எண்களை விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், குறிப்புக் கட்டத்தில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதியிருந்த வரியில் நிறுத்தினார். பட்டாதார் இடத்தில் அவருடைய பாட்டனார் பெயர் இருந்தது. அந்த நிலத்தின் பட்டா இன்று வேறொருவர் பெயரில் இருக்கிறது. அன்று மாலை அலுவலகம் மூடுவதற்கு முன்பே சான்றிட்ட நகலுக்கு அவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார்.