அரச உதவிப் பணம்: வறியவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதா, எல்லோருக்கும் கொடுப்பதா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் வயல் கூலிக்குப் போகும் வீட்டில் அறுவடைக் காலத்தில் கையில் காசு இருக்கும். மாரி வெள்ளம் வந்தால் அடுப்பு எரியாது. அந்த வீட்டை எந்த மாதத்தில் போய் அளந்து 'வறிய குடும்பம்' என்று எழுதுவது?

தெரிவு செய்து கொடுக்கும் முறையில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான். 2023 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய 'அஸ்வெசும' என்ற அரச உதவித் திட்டம், கல்வி, சுகாதாரம், சொத்து, வீட்டு நிலை என்று 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். இருக்கிற பணத்தை அதிகம் தேவைப்படுபவருக்குக் கூட்டிக் கொடுக்கலாம், அது உண்மையான பலம். ஆனால் சுனாமிக்குப் பிறகு கல்முனையில் கிடைத்த கல்வீடு சோறு போடாது. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அது வசதி.

மற்றது, வயதை மட்டும் பார்த்து எல்லோருக்கும் கொடுப்பது. நேபாளம் 1995இல் 75 வயது தாண்டியவர்களுக்கு இப்படித்தான் தொடங்கியது. செலவு கூடும், சரி. தலைக்குக் கிடைப்பதும் குறையும். ஆனால் வாகரையில் இருக்கும் ஒரு அம்மம்மா மேன்முறையீட்டுப் படிவத்தோடு பஸ் ஏறி அலைய வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள பிறந்த திகதியே போதும்.

முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இரண்டாவதையே கேட்பேன். மற்றவர்களுக்குத் தெரிவு முறை இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டும்.