சென்னை டு யாழ்ப்பாணம்: நேரா பலாலியா, இல்ல கொழும்பு வழியா?

மேப்ல பாத்தா சென்னைக்கு கிட்டத்தட்ட நேர் தெற்கதான் யாழ்ப்பாணத்தோட பலாலி ஏர்போர்ட், வான்வழியா சுமார் 360 கிலோமீட்டர். கொழும்புக்குன்னா கட்டுநாயக்கா ஏர்போர்ட், அது 650 கிட்ட வரும். அப்போ பலாலிக்கு பாதி நேரத்துல போயிடலாம்னு தோணும்ல, அதான் இல்ல, ரெண்டுக்குமே ஒண்ணேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், ஏன்னா பலாலிக்குப் போறது ஏடிஆர், ப்ரொபெல்லர் வச்ச ப்ளேன், மணிக்கு 500 கிலோமீட்டர்தான் போகும், கொழும்புக்கு ஜெட். (ஏடிஆர்ல றெக்கை மேல இருக்கறதால ஜன்னல் சீட் கிடைச்சா கடல் மறைக்காம தெரியும்.)

நிஜ வித்தியாசம் இறங்கினப்புறம்தான். பலாலில இருந்து யாழ் டவுனுக்கு அரை மணி, முக்கா மணி. கட்டுநாயக்கால இறங்கினா புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சின்னு பஸ்ல ராத்திரி பூரா உக்காந்து, ஆனையிறவு தாண்டுறப்போ இடுப்பு கழண்டுடும்.

கொழும்புக்கு ஃப்ளைட் நிறைய, நேரம் பாத்து எடுக்கலாம், அது உண்மை. ஏடிஆர்ல எழுபது சொச்சம் சீட்டுதான், திருவிழா டைம்னா முன்னாடியே போட்டுருங்க. கொழும்புல வேலை இருந்தா ஒழிய என் ஓட்டு பலாலிக்குதான்.