தடைக்காலத்தில் ட்ரவுட்: நீலகிரியா, லித்தரா, தீர்த்தனா?

ஏப்ரல் 15 வந்தால் பாம்பனில் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை சரிபார்ப்பது, படகு பழுது பார்ப்பது போக, நாங்கள் ஊரை விட்டு வெளியே போக வாய்ப்பது அப்போதுதான். அதனால் குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் பிடிக்க மலைக்குப் போகலாம் என்று நானும் மச்சானும் பேச ஆரம்பித்தபோது, எந்த ஆறு பேர்போனது என்று நாங்கள் பார்க்கவில்லை. எந்த ஆறு இந்த இரண்டு மாதத்துக்குள் தூண்டிலுக்குத் தோதாக இருக்கும் என்றுதான் பார்த்தோம். வழிகாட்டி வேண்டாம், நாமே போய் நாமே பிடிப்போம் என்பதிலும் இருவரும் ஒத்துப்போனோம்.

மனசு முதலில் நீலகிரிக்குத்தான் போனது. ராத்திரி பஸ் ஏறினால் மதுரை, கோவை வழியாக மறுநாள் ஊட்டி. பேச்சுக்குச் சிரமமில்லை. அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் பொரிப்பகம் வந்துவிட்டது. வானவில் ட்ரவுட் அந்த ஓடைகளில் நூறு வருடத்துக்கு மேல் பழகிய மீன். ஆனால் நல்ல ஓடைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. அவலாஞ்சியை வனத்துறை வண்டியில் சுற்றிப் பார்க்கலாம். தூண்டிலும் கையுமாக ஓடையோரம் நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம், அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான். சொந்த வண்டியில் போவதென்றால் 2024 மே முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

காஷ்மீரில் பஹல்காம் வழியாக ஓடும் லித்தர்தான் மூன்றிலும் பெரிய பேர். 1900-ல் கொண்டுவந்த பழுப்பு ட்ரவுட் முட்டைகளிலிருந்து பெருகிய மீன் அங்கே இருக்கிறது. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று மீன்வளத் துறை சீட்டுக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு, தனியாகப் போகிறவருக்கு இடத் தகராறு வராது. கெடுப்பது காலம்தான். மே, ஜூனில் கோலஹோய் மலையின் பனி உருகி ஆறு பெருகி ஓடும். தண்ணீர் தெளிந்து, இறங்கி நிற்கிற மாதிரி ஆவது ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும். அப்போது நாங்கள் கடலில் இருப்போம். விடுப்பு எடுக்க முடிகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

கடைசியில் போன வருடம் தீர்த்தனுக்குப் போனோம். எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் சரியான ஆறு என்று உறுதியாகச் சொல்வேன். இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்தில் பெரிய இமாலயத் தேசியப் பூங்காவுக்குள் பிறந்து, லார்ஜியில் பியாஸில் சேர்கிறது. தீர்த்தனில் எங்கும் அணை இல்லை. பஞ்சாரிலிருந்து குஷைனி வரை சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. நடந்துகொண்டே நல்ல மடுவைப் பார்த்து இறங்கலாம். வழிகாட்டி இல்லாத குறை தெரியாது. பூங்கா எல்லைக்கு வெளியே, மாநில மீன்வளத் துறையின் சீட்டோடு பிடிக்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன் முட்டையிடும் காலம் என்று மூடிவிடுவார்கள். அங்கேயும் ஒரு தடைக்காலம்! ஜூலையில் மழை வந்து கலக்குவதற்கு முன், ஏப்ரல் கடைசியும் மே மாதமும் அப்படியே நம் கைக்கு வருகின்றன.

தூரம் அதிகம், மறுக்கவில்லை. மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்கு சம்பர்க் கிராந்தி, டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி ஔட்டில் இறக்கம், அங்கிருந்து பஞ்சார். போக வர ஆறு நாள் போய்விடும். நாலு துண்டாகக் கழலும் கம்பு எடுத்துப் போனால் ரயிலில் தொந்தரவில்லை.

முதல் நாள் ஒரு மீனும் கிடைக்கவில்லை. கை கடல் பழக்கத்திலேயே போனது. நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். பூச்சி போலக் கட்டிய பொய் இரையால் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், கனமே கிடையாது. பூச்சுப் போட்ட தடித்த கயிறுதான் தன் கனத்தில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பலமாக வீசினால் கயிறு சுருண்டு விழும். பின்னால் முழுக்க விரிய விட்டு, ஒரு கணம் பொறுத்து முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுமை வர எனக்கு இரண்டு நாள் ஆனது. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் மீன்; ஆகவே ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும். பகலில் காற்றும் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே ஏறும். கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து வீசிப் பழகிய நமக்கு அது முதுகில் விழுவது பெரிய உதவி.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் ஆழத்தில் இறங்காதீர்கள். பாசிக் கல் வழுக்கும், பனித் தண்ணீர் சில நிமிடத்தில் காலை மரக்கடிக்கும், வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கூடும். முழங்காலுக்கு மேல் வேண்டாம். தனியாகப் போனால் தங்கும் வீட்டில் எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பழகுவதற்கு ஊரிலேயே இடம் உண்டு. கடற்கரை மணலில் வேண்டாம், கயிற்றின் பூச்சு தேய்ந்துவிடும். முள்ளுக்குப் பதில் சின்னக் கம்பளி நூலைக் கட்டி, ஊருணிக் கரையில் நின்று வீசினால் போதும். மச்சான் இப்போதே ஆரம்பித்துவிட்டான். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஏப்ரல் 20-க்குக் கிளம்ப, பிப்ரவரி 19 காலையிலேயே டிக்கெட் போடப் போகிறோம்.