என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா? பாளையங்கோட்டையில் முதல் வருடம் சேருகிறவர்களுக்கு

முதல் வருட வகுப்பு தொடங்கியதுமே பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் இந்தக் கேள்வி வந்துவிடும். பாடத்திட்டத்தில் ‘பகுதி 5’ என்று இதற்கென்றே மதிப்பெண் இருப்பதால் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விளையாட்டு என்பது ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு. இளைஞர் செஞ்சிலுவைச் சங்கத்தில் ரத்ததான முகாமும் சில கூட்டங்களும் இருக்கும், அதிகம் அலைச்சல் இல்லை. உண்மையான போட்டி தேசிய மாணவர் படைக்கும் (என்.சி.சி.) நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும் (என்.எஸ்.எஸ்.) தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் இருந்தாலோ வீடு பாளையங்கோட்டை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருந்தாலோ என்.சி.சி.க்குப் போங்கள். களக்காட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர் என்றால் நன்றாக யோசித்துவிட்டுப் போங்கள். பட்டாளத்து ஆசை, உடம்பு வலு எல்லாம் அப்புறம். பரேடு பெரும்பாலும் காலையில் வெயிலுக்கு முன்னால். ஏழு மணி பரேடு என்றால் ஆறே முக்காலுக்கு ஃபால்-இன், அதாவது அணியில் வந்து நின்றாக வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து, புதிய பஸ் ஸ்டாண்டில் மாறி, தூக்கக் கலக்கத்தோடு மைதானத்துக்குள் நுழையும்போது அணி நின்றிருக்கும். தாமதமாக வந்தவனுக்கு மைதானத்தைச் சுற்றி ஓட்டம், இல்லையென்றால் ஃபிராக் ஜம்ப். ‘பஸ் லேட் சார்’ என்பது அங்கே காரணமே இல்லை. என்.எஸ்.எஸ்.ஸில் அதே வார்த்தையைச் சொன்னால், “சரி, போய் மண்வெட்டியை எடு” என்பதோடு முடிந்துவிடும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் சான்றிதழ்த் தேர்வே எழுத முடியாது என்பதால், தூரத்து ஊர்ப் பையன்கள் பலர் தீபாவளிக்குள் கழன்றுவிடுவார்கள்.

துப்பாக்கி பிடிக்கலாம் என்று வருகிறவன் முதல் சில மாதம் பிடிப்பது ஷூ பிரஷ்தான். கறுப்பு பாலிஷைத் தடவி, ஈரப் பஞ்சால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஷூ முனையில் முகம் தெரிந்தால் அன்றைக்குத் தப்பித்தோம். பெல்ட் பித்தளைக்கு பிராசோ. புது பெரே தொப்பி தட்டு மாதிரி விறைத்து நிற்கும். வெந்நீரில் நனைத்துத் தலையில் வைத்து, வலப்பக்கம் சரியும்வரை அமுக்கி அமுக்கிக் காய வைக்க வேண்டும். கட்டளை எல்லாம் இந்தி: சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (இயல்பாக நில்), பீச்சே முட் (பின்னால் திரும்பு). என்.சி.சி.யில் இந்திக் கட்டளை கூடாது என்று 1968-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்ட மாநிலம் நம்முடையது. இன்றைக்கு ஆலங்குளத்துப் பையன் இந்தியில் ஒரு வாக்கியம் தெரியாமலேயே டக்கென்று திரும்புகிறான். பயிற்சி கொடுக்கும் ராணுவ ஹவில்தாரையாவது சமாளிக்கலாம். கையில் ஒற்றைப் பட்டை வாங்கிய இரண்டாம் வருட அண்ணனின் அதட்டல் இருக்கிறதே, அது ஜெனரல் அதட்டல். கடைசியில் முகாமில் .22 ரைஃபிளைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். விரல் விட்டு எண்ணும் அளவு ரவுண்டுதான். ஆனால் தோளில் அந்த முதல் உதை விழுந்ததும் ஷூ தேய்த்த கோபமெல்லாம் போய்விடும்.

என்.எஸ்.எஸ்.ஸில் முதல் வருடம் இவ்வளவு கடினம் இல்லை. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, நடுவில் ஏழு நாள் கிராம முகாம். மரக்கன்று நட்டு, பேனர் பிடித்து, போட்டோ எடுத்துக் கலைகிற நாட்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. முகாம் மட்டும் வேறு ரகம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுக்கை, காலையில் சீமைக்கருவேலம் வெட்டு, மதியம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறிய மாதிரி இன்னொரு வெள்ளம் வந்தால், எந்தத் தெருவில் யார் வீடு, எங்கே பாட்டி ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று விசாரிக்கத் தெரிந்தவர்கள்தான் உடனடியாகப் பயன்படுவார்கள். அந்தப் பழக்கம் பரேடில் வராது.

நம்ம ஊரில் இதை ஒப்பிடும்போது சாதியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைச் சாதி வெறியில் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிறு பள்ளிகளில் கூடாது என்றே பரிந்துரைத்தது. என்.சி.சி. சீருடையில் கயிற்றுக்கு இடமில்லை. அணியில் நிற்பது உயரப்படி, முகாமில் தட்டை நீட்டுவது ஒரே வரிசையில். இரவு இரண்டு மணி சென்ட்ரி டியூட்டியில் உங்களோடு நிற்கிறவன் எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றாது, தூக்கம்தான் தோன்றும். என்.எஸ்.எஸ். நேர் எதிர். கணக்கெடுக்கப் போனால் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் கடைசியாக வந்தது, எங்கே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கிறீர்கள். நட்புக்கு முன்னது, கண் திறக்கப் பின்னது என்பேன். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் என்.எஸ்.எஸ். ஒரு படி மேல்.

வேலை வாய்ப்பில் அப்படி இல்லை. என்.சி.சி.யில் மூன்றாம் வருடம் தேர்வெழுதி வாங்கும் ‘சி’ சான்றிதழைக் குறைந்தது ‘பி’ கிரேடில் வாங்கி, பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவ அதிகாரி பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேரே எஸ்.எஸ்.பி. (ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம்) நேர்காணலுக்குப் போக வழி உண்டு. தேறினால் சென்னை பரங்கிமலையில் பயிற்சி. என்.எஸ்.எஸ்.ஸில் இதற்கு இணையானது கிடையாது. காவலர் தேர்வில் இரண்டு சான்றிதழுக்கும் சிறப்பு மதிப்பெண் உண்டு, எவ்வளவு என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவிகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. என்.சி.சி.யின் பத்து நாள் வெளியூர் முகாமுக்கு வீட்டில் அனுமதி வாங்குவது ஓட்டத் தேர்வைவிடக் கஷ்டம். அப்பாவிடம் கேட்பதற்கு முன் ஆச்சியைப் பிடியுங்கள். பெண் பயிற்றுநர்கள் கூடவே தங்குவார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இன்னும் மனம் முடிவாகவில்லையா? என்.சி.சி. தேர்வு நாளில் போய் ஓடிப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் என்.எஸ்.எஸ்.ஸில் பெயர் கொடுக்கலாம். முதலில் என்.எஸ்.எஸ்., பிறகு என்.சி.சி. என்று மாற்றிச் செய்ய முடியாது: ‘பி’ சான்றிதழ்த் தேர்வு இரண்டாம் வருடம், ‘சி’ மூன்றாம் வருடம் என்பதால், அடுத்த வருடம் சேரலாம் என்று தள்ளிப்போட்டால் மூன்று வருடப் பட்டப்படிப்புக்குள் ‘சி’ கைக்கு வராது.