பவர் சீரிஸுக்கு எது கைகொடுக்கும்: சூத்திரமா, ரேஷியோ டெஸ்டா, ரூட் டெஸ்டா?

கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டு முன்னறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பவர் சீரிஸ் என்பது எக்ஸ் அல்லது (எக்ஸ் − 3) போன்றதன் அடுக்குகளாக முடிவில்லாமல் போகும் தொடர்; அது எந்த இடைவெளியில் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஒரு எண்ணில் போய் நிற்கும் என்று பார்க்க மூன்று வழி உண்டு: கெழுக்களை (அடுக்குகளோடு பெருகி நிற்கும் எண்களை) மட்டும் வகுத்து ஆரம் (நடுப்புள்ளியில் இருந்து எவ்வளவு தூரம் வரை ஒருங்கும் என்பது) எடுக்கும் சூத்திரம், முழு உறுப்பையும் முந்தைய உறுப்பால் வகுக்கும் ரேஷியோ டெஸ்ட், என்-ஆம் உறுப்புக்கு என்-ஆம் மூலம் எடுக்கும் ரூட் டெஸ்ட். இரண்டு டெஸ்டிலும் எல்லை 1-ஐவிடக் குறைந்தால் தொடர் ஒருங்கும். பல வருஷம் சூத்திரத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரே வரியில் விடை வந்துவிடும். இப்போது முதல் நாளே ரேஷியோ டெஸ்ட்தான்.

மாற வைத்தது ஒரு கணக்கு. பவானியில் இருந்து வரும் ஜமுக்காளத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதைக் கொடுத்திருந்தேன்:

(எக்ஸ் − 3)²/4 + (எக்ஸ் − 3)⁴/(2×16) + (எக்ஸ் − 3)⁶/(3×64) + …

1/4, 1/32, 1/192 என்று கெழுக்களை எடுத்து வகுத்தாள். ஆரம் 4, இடைவெளி −1 முதல் 7 வரை. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அவளாகவே எக்ஸுக்கு 6 போட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், 9/4, 81/32, 729/192-னு ஏறிக்கிட்டே போகுதுங்களே, இது எப்படிங்க ஒருங்கும்?" என்றாள்.

ஒருங்காது. அந்தச் சூத்திரம் அடுக்கு ஒவ்வொன்றாக ஏறும் தொடருக்கு மட்டும் உரியது. இங்கே அடுக்கு இரண்டிரண்டாகத் தாவுகிறது. முழு உறுப்பை முந்தையதால் வகுத்தால் எல்லையில் (எக்ஸ் − 3)²/4 நிற்கும். அது 1-ஐவிடக் குறைய வேண்டும் என்றால் ஆரம் 2, இடைவெளி 1 முதல் 5 வரை.

இந்தத் தவறு இத்தனை வருஷம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. சைன், கொசைன் தொடர்களிலும் அடுக்கு தாவும். ஆனால் அங்கே ஆரம் முடிவிலி. டேன் இன்வர்ஸ் தொடரிலும் தாவும். அங்கே ஆரம் 1, அதன் வர்க்கமூலமும் 1. தப்பாகப் போட்டாலும் விடை சரியாகவே வரும். ரேஷியோ டெஸ்டில் அடுக்கைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதே இல்லை, உறுப்போடு சேர்ந்தே வந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ரூட் டெஸ்டையும் முழு உறுப்புக்குப் போட்டால் இந்தத் தொல்லை கிடையாது. 1821-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி எழுதிய சோதனை அது, ரேஷியோவைவிட வலுவானது. கெழுக்கள் 3, 1, 3, 1 என்று மாறி மாறி வந்தால் ரேஷியோ 1/3-க்கும் 3-க்கும் இடையே ஊசலாடும், எல்லையே கிடைக்காது. ரூட் எடுத்தால் 1-க்குப் போய்ச் சேரும், ஆரம் 1. ஆனால் ஃபாக்டோரியல் வந்துவிட்டால் அதற்கு மூலம் எடுக்க ஃபாக்டோரியலின் தோராய மதிப்பைத் தரும் ஸ்டர்லிங் வாய்பாடு வரை போக வேண்டும். ரேஷியோவில் ஒரே அடியில் அடிபட்டுப் போகும். பரீட்சைத் தாளில் ஃபாக்டோரியல்தான் அதிகம் வருகிறது. லிமிட் சுப்பீரியர் (ஊசலாடும் எண்கள் திரும்பத் திரும்ப நெருங்கும் மதிப்புகளில் மிகப் பெரியது) வைத்து ரூட் டெஸ்டை நான் இரண்டு மூன்று எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குத்தான் எடுத்திருக்கிறேன், அந்த மட்டத்தில் அதுதான் மேல் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன்.

முனைகளில் எதுவும் உதவாது. இரண்டு டெஸ்டும் அங்கே 1 என்று சொல்லி நின்றுவிடும், நேராகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலே உள்ள தொடரில் 1 போட்டாலும் 5 போட்டாலும் 1 + 1/2 + 1/3 + … வருகிறது, அது ஒருங்காமல் விரிகிறது. அதனால் இரு முனையும் சேராது. அடுத்ததாக அவளுக்கு (எக்ஸ் − 3)/2 + (எக்ஸ் − 3)²/(2×4) + (எக்ஸ் − 3)³/(3×8) + … கொடுத்தேன். இங்கேயும் 1 முதல் 5 வரைதான். 5-இல் விரிகிறது, 1-இல் குறி மாறி மாறி வந்து ஒருங்குகிறது. 1 சேரும் என்று அதற்குச் சதுர அடைப்பும், 5 சேராது என்று அதற்கு வளைவு அடைப்பும் போட்டு நோட்டை நீட்டினாள்.