நடுங்கும் கைக்கு எது உகந்தது: பொட்டு, மை, சவரம்

என் அப்பாவுக்கும் எனக்கும் ஒரே வகை நடுக்கம். கை மடியில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது; பொட்டு வைக்கவோ, கோப்பையைத் தூக்கவோ, கையெழுத்திடவோ முனையும்போதுதான் விரல்கள் ஆடத் தொடங்கும். மருத்துவத்தில் இதனை எசென்ஷியல் ட்ரெமர் என்பார்கள். பலருக்குக் குடும்பவழியாக வருகிறது. ஓய்விலும் ஆடுகின்ற பார்க்கின்சன் நடுக்கம் வேறு. பக்கவாதத்துக்குப் பின் பிடி தளர்ந்துபோகும் கை வேறு. ஒப்பனைப் பொருளோ சவரக்கருவியோ வாங்குமுன் நம் கை எந்த வகை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆடும் கை உள்ளவர்களில் பலருக்குச் சற்றுக் கனமான கைப்பிடி நிதானம் தருகிறது. பிடி தளர்ந்த கைக்கு அந்தக் கனமே சுமையாகிவிடும் என்பதால், அதற்குத் தடிமனாகவும் இலேசாகவும் உள்ள பிடி வேண்டும்.

முதலில் பொட்டு. ஒட்டும் பொட்டு, குச்சியால் தீட்டும் சாந்துப் பொட்டு, விரலால் வைக்கும் குங்குமம் ஆகிய மூன்றையும் பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் வாங்கிப் பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஒட்டும் பொட்டு மிக எளிது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில், அதை நெற்றியில் ஒட்டுவதைவிட அட்டையிலிருந்து பிரிப்பதுதான் கடினம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு மெல்லிய விளிம்பைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, நடுங்கும் கைக்கு அதைவிடப் பெரிய சோதனை இல்லை. அட்டையைப் பின்புறமாக வளைத்து, எழுந்து நிற்கும் விளிம்பில் நடுவிரலின் சதைப்பகுதியை அழுத்தினால் பொட்டு தானாக விரலோடு வந்துவிடும். ஆனால் எனக்கு ஓராண்டிலேயே அந்த இடத்தில் அரிப்பு கண்டது. சில பொட்டுகளின் பசையிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் சிலருக்குத் தோலின் நிறத்தையே போக்கி வெண்புள்ளியை உண்டாக்கும் என்பது தோல் மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது. அரிப்போ நிறமாற்றமோ கண்டால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

சாந்துப் பொட்டு எனக்குத் தோல்விதான். குச்சி நீளமாக இருப்பதால் விரலின் சிறு அசைவும் அதன் நுனியில் பெரிதாகிறது, வட்டம் வாழைப்பூ வடிவில் முடிகிறது. ஆகவே குங்குமத்துக்கே திரும்பினேன். வியர்வை ஓயாத இந்த ஊரில் அது நிலைக்க, அடியில் சிறிது மெழுகு தடவிக்கொள்கிறேன். இரு முழங்கைகளையும் மேசைமீது ஊன்றி, குங்குமம் தொட்ட மோதிர விரலை அசையாமல் நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்தபடியே நெற்றியை விரலிடம் கொண்டுபோகிறேன். தலையின் அசைவு கையின் அசைவைவிட நிதானமானது. தலையும் ஆடும் நடுக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சற்றுப் பிசகினாலும் ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்பதால் மனமும் பதறுவதில்லை. பதறினால் நடுக்கம் கூடும். காலைக் கோப்பியையும் இந்த வேலை முடிந்த பிறகே குடிக்கிறேன், காஃபின் நடுக்கத்தைக் கூட்டக்கூடும்.

கண் மையில் திரவ ஐலைனருக்கும் பென்சிலுக்கும் இடையே எனக்கு ஐயமே இல்லை. திரவ வகை நொடியில் காய்ந்துவிடுகிறது, தவறிய கோடு அப்படியே நிற்கிறது. சித்தி மகள் திருமணத்தன்று என் கோடு நெற்றியோரம் வரை ஓடியதையும், அதை அழிக்கத் தேய்த்ததில் கண் சிவந்து முகூர்த்தம் முழுவதும் நீர் வடிந்ததையும் மறக்க முடியவில்லை. தடிமனான, மென்மையான பென்சிலில் சிறு புள்ளிகளாக வைத்து, பஞ்சுக்குச்சியால் அவற்றை இணைத்துக்கொள்ளலாம். கண்ணை மூடி மேலிமையில் மட்டும் வையுங்கள். சுண்டுவிரல் கன்ன எலும்பில் ஊன்றியிருக்கட்டும். இமையின் உள்விளிம்பில் மை இழுப்பதை நடுக்கம் உள்ளவர்கள் அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நகத்துக்கு வெட்டியைவிட அரம் மேல். அரத்தை மேசையில் ஒட்டிவிட்டு விரலை அதன்மீது தேய்த்தால் போதும். பல்துலக்கியில் மின்சார வகையே முந்துகிறது. 1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான புரோக்சோடென்ட் என்னும் தொடக்ககால மின் பல்துலக்கியே கை இயக்கம் குறைந்தவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. மின் வகை கனம் என்பவர்கள், ஏர்கோன் எனப்படும் குளிர்சாதனக் கருவியின் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயில் ஒரு சாண் வெட்டிச் சாதாரணத் துலக்கியின் பிடியில் செருகிக்கொள்ளலாம். இரும்புக் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கிறது, சீப்புக்கும் கரண்டிக்கும் உதவும்.

சேலையில் ஊக்கு குத்துவதற்குப் பதிலாக மடிப்பைத் தைத்து வைத்த சேலையை நான் தேர்ந்துகொண்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும்போது அது அவிழுமோ என்ற கவலை இல்லை. காந்தக் கொக்கி வைத்த சங்கிலிகளும் வசதியானவையே. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை அணியக் கூடாது.

சவரம்தான் எங்கள் வீட்டில் நெடுநாள் விவாதமாக இருந்தது. அப்பா நாற்பது ஆண்டுகள் பிளேடு ரேசரையே பயன்படுத்தியவர். நுரை போட்டு மழித்தால்தான் மழித்ததுபோல் இருக்கிறது என்பார். தாடையில் வாரத்துக்கு இரண்டு வெட்டாவது விழும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கிய பின் சிறு வெட்டும் நெடுநேரம் கசிந்ததால், மருத்துவரே மின் சவரக்கருவிக்கு மாறச் சொன்னார். மின் கருவியில் கத்திக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தகடு இருப்பதால் கை பிசகினாலும் ஆழமாக வெட்டாது. அதிலும் இரு வகை உண்டு. சல்லடைத் தகடு வைத்தது நேர்க்கோட்டில் இழுத்தால்தான் நன்றாக மழிக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1939இல் கொண்டுவந்த சுழல்தலை வகையை வட்டமாகவே நகர்த்த வேண்டும். நேர்க்கோடு போட முடியாத கைக்கு வட்டம் இயல்பாக வருகிறது, எனவே நாங்கள் சுழல்தலையையே வாங்கினோம். மிக மென்மையான தோல் உள்ளவர்களுக்குச் சல்லடை வகை எரிச்சல் குறைவாக இருக்கலாம். குளிக்குமுன், தோல் உலர்ந்திருக்கும்போது சிறிது பவுடர் பூசி மழித்தால் இந்த ஈரக்காற்றிலும் கருவி தோலில் ஒட்டாமல் வழுக்கிச் செல்கிறது. மூன்று நாள் வளர்த்துவிட்டால் கருவி முடியை வெட்டாமல் இழுத்து வலிக்கச் செய்யும். முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முடிதிருத்தும் கடை இன்னொரு வழி. அங்கே புதிய பிளேடைக் கண்முன்னே பிரித்துப் பொருத்துகிறார்களா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மழமழப்பில் எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றாடம் போக முடியாது, அப்பாவுக்கும் தம் முகத்தைத் தாமே மழிப்பதில்தான் நிறைவு. திருமணம், தீபாவளி என்றால் மட்டும் கடைக்குப் போகிறார். மற்ற நாள்களில் காலை ஏழு மணிக்கு, முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தாமே மழித்துக்கொள்கிறார்.